மூலமும் பௌத்திரமும் ஒன்றல்ல

பதுளைக்கு ரயில் வந்த பிறகு கொழும்பிலிருந்து எல்லாமே சீக்கிரம் வந்து சேருகின்றன. புத்தி கெட்ட யோசனைகளும் அப்படியே. சென்ற வாரம் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்ற பின் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆஸ்பத்திரிப் பதிவாளர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். நல்ல மனிதர், கையெழுத்தும் அழகாக இருக்கும், என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். முகமெல்லாம் சிரிப்பாக ஒரு செய்தி சொன்னார்.

"நானா, இனிமே நமக்கு வேல கொறையப் போகுது. நோய்ப் பட்டியலச் சுருக்கப் போறாங்களாம். மூலம், வெடிப்பு, பௌத்திரம், அந்தப் பக்கத்து நோய் எல்லாத்துக்கும் ஒரே இலக்கம் போட்டாப் போதும்."

"யார் சொன்னது?"

"மேலேருந்து அபிப்பிராயம் கேட்டிருக்காங்க. நல்ல காரியம்னு எழுதப் போறேன். எல்லாம் ஒரே இடந்தானே நானா."

கோபம் வந்தால் எனக்கு முதலில் வாய் அடைத்துவிடும். தேநீரை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே, "அந்த மனுசனுக்குச் சொல்ல வேண்டியத எனக்கிட்ட ஏன் கத்துறீங்க? எழுதிக் குடுங்க" என்றாள். அவள் சொன்னது சரி. எழுதுகிறேன்.

இது நாலு பேர் முன்னால் பேசுகிற விஷயமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தாராளமாகச் சுளிக்கட்டும். நான் சொல்லப் போகும் அநியாயம் முழுவதும் இப்படி முகம் சுளித்தவர்களால்தான் நடந்தது.

முதலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். மூலம் என்பது ஆசனவாயின் இரத்தக் குழாய்கள் வீங்கித் தடித்துப் போவது. இரத்தம் போகும், வலிக்கும். களிம்பு, மலம் இளகும் மருந்து, சில நாள் ஓய்வு என்று கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பௌத்திரம் அப்படியல்ல. உள்ளே ஒரு கட்டி பழுத்து, சதையைத் துளைத்துக்கொண்டு, பக்கத்துத் தோலில் வந்து வாய் திறக்கும். உள்ளேயிருந்து வெளியே ஒரு சுரங்கம். அந்த வழியாகச் சீழ் ஓடிக்கொண்டே இருக்கும். வெளிவாய் மூடினால் நோயாளி குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார். சில நாளில் உள்ளே சீழ் கட்டி, காய்ச்சலும் வந்து, மறுபடி உடையும். அதற்குக் களிம்பு தடவுவது வீண் வேலை. சுரங்கத்தின் முழு நீளத்தையும் கத்தியால் திறந்து, அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரும்படி ஆற்ற வேண்டும். அதைத் தவிர வேறு வழி கிடையாது. ஒரே இடம்தான். வாயும் தொண்டையும்கூட ஒரே இடம்தான், பல்வலிக்கும் தொண்டைப் புற்றுக்கும் ஒரே இலக்கம் போடுவார்களா?

நான் பதுளைக்காரன். வாப்பாவுக்குக் கடைத்தெருவில் புடைவைக்கடை. எனக்குத் துணி கிழிக்கவும் வராது, சிரித்துப் பேசவும் வராது. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஊவா மாகாணத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிவு எழுத்தனாகச் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் நல்ல உத்தியோகங்களில் இருக்கிறார்கள். முதல் சில வருடங்களில் நான் கற்றதெல்லாம் சீமையில் அச்சான நோய்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றைத்தான். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் இலக்கம். சேர்க்கை ஏட்டில் நோயின் பெயரையும் அதற்கு நேரே இலக்கத்தையும் எழுத வேண்டும், வருட முடிவில் இலக்கவாரியாகக் கூட்டிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். பௌத்திரத்துக்குத் தனி இலக்கம் உண்டு. அதற்குக் கீழே இன்னும் பிரித்து எழுத இடமும் உண்டு: உள்வாய், வெளிவாய் இரண்டும் உள்ளதா, வெளிவாய் மட்டுமா, உள்வாய் மட்டுமா என்று. பட்டியலைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. வகையைப் பொறுத்துத்தான் கத்தி எங்கே போக வேண்டும் என்பது தெரியும்.

அந்த இலக்கம் எப்படி ஏட்டில் ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாட்டு வண்டிகளில் நோயாளிகள் வருவார்கள். கூடவே ஒரு கங்காணி வருவார். ஆட்களைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவரும் வேலை வாங்குகிறவரும் அவர்தான், ஆகவே அவர்களுக்காகப் பேசுகிறவரும் அவர்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் தோட்டத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், நோய். அந்த நோயைச் சொன்னது யார்? கங்காணி. எழுதியது யார்? தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. நோயாளியை இருவரில் ஒருவராவது தொட்டுப் பார்த்ததில்லை. வராந்தாவில் ஆட்கள் குந்தியிருக்க, எங்கள் பெரிய டொக்டர் படிமேல் நின்றபடி கங்காணியிடம் கேட்பார்.

"இவனுக்கு என்ன?"

"மூலந்தாங்க தொரை. வேற ஒன்னுமில்ல. காரம் கொஞ்சம் கூடத் திங்கிறான்."

அவ்வளவுதான். நோயாளி வாய் திறக்க மாட்டார். டொக்டரும் அவரிடம் கேட்க மாட்டார். நான் துண்டைப் பார்த்து மூலம் என்று எழுதி, மூலத்தின் இலக்கத்தைப் போடுவேன். இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தில் என்ன நோய் இருந்தாலும் தோட்டத்துத் துண்டில் அது மூலமாகத்தான் வரும். சீழ் வந்தாலும் மூலம், கட்டி உடைந்தாலும் மூலம்.

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்தவர். கெட்டிக்காரர், அதை மறுத்தால் எனக்குப் பாவம். வெள்ளைக் கோட்டில் ஒரு மைத்துளி பட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். யாரையும் திட்ட மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார், துடைத்து முடியும்வரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். ஒரு வருடம் கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர், சேர்க்கையில் ஒரு நோயும் விடுவிப்பில் வேறொரு நோயும் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்து, டொக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டார். அவருக்கு அது பெருத்த அவமானமாகிவிட்டது. அன்றோடு ஒரு சட்டம் போட்டார்.

"துண்டில என்ன கிடக்கோ அதை எழுதும். போகேக்கையும் அதையே எழுதும். வெட்டுக்கொத்து ஒண்டும் வேண்டாம்."

"பார்த்த பிறகு வேறயா இருந்தா, ஐயா?"

"இருக்காது காணும்."

இருக்காது. எவ்வளவு வசதியான வார்த்தை. தோட்டத்து நிர்வாகத்துக்கும் இது பிடித்திருந்தது. மூலமென்றால் ஆள் சீக்கிரம் வேலைக்குத் திரும்புவான். பௌத்திரமென்றால் வெட்ட வேண்டும், வாரக்கணக்கில் படுக்கையில் வைத்திருக்க வேண்டும், தோட்டத்திலிருந்து ஆள் எங்கே என்று கடிதம் வரும்.

டொக்டருக்கு வித்தியாசம் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு தரம் ஒரு தோட்டத்துச் சின்னத்துரை, பெரிய துரைக்கு உதவியாக இருந்த வெள்ளைக்காரர், வந்தார். குதிரையில் வர முடியாமல், வண்டியில் மெத்தை போட்டு ஒருக்களித்துப் படுத்தபடி வந்தார். அவருக்குத் துண்டு இல்லை. கங்காணி இல்லை. படிமேல் நின்று யாரும் கேட்கவில்லை. கட்டணப் படுக்கை அறையில் திரை போட்டு, விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து, டொக்டர் கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, எனக்கு எழுதச் சொன்னார். வெளிவாய் எந்தப் பக்கம், ஆசனவாயிலிருந்து எவ்வளவு தூரம், உள்வாய் எங்கே, வழியைத் துழாவும் வெள்ளிச் சலாகை எவ்வளவு தூரம் போயிற்று, எல்லாம் சொன்னார். நான் ஏட்டில் அதுவரை எழுதியதிலேயே மிக நீண்ட குறிப்பு அது. பௌத்திரம், இரு வாயும் உடையது. இலக்கம் போட்டேன். டொக்டர் வெட்டினார், துரை குணமாகிப் போனார், கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு டொக்டருக்கு ஒரு வான்கோழி வந்தது.

இனி முத்துக்கருப்பனைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கான் வெட்டுகிறவர். மலைச்சரிவில் மழைநீர் ஓடும் வாய்க்காலைத் தோட்டத்தில் கான் என்பார்கள். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் மண்ணைத் தோண்டி எறிகிற வேலை. முதல் தரம் வந்தபோது எல்லாரும் குந்தியிருக்க அவர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டில் மூலம். களிம்பு கொடுத்தார்கள். வெளிவாய் மூடிக்கொண்டது. குணம் என்று எழுதி அனுப்பினோம். மறுபடி வந்தார். மறுபடியும் மூலம், மறுபடியும் களிம்பு. இந்த முறை காயம் கட்டுகிறவர் அவருடைய துணியை வாளியில் போடும்போது நானும் பார்த்தேன், டொக்டரும் பார்த்தார். அதில் இரத்தம் இல்லை. மஞ்சளாகச் சீழ் காய்ந்து துணி விறைத்துப் போயிருந்தது. டொக்டர் ஒரு கணம் நின்றார். பிறகு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். மறுபடியும் குணம் என்று எழுதினோம்.

மூன்றாம் தரம் வந்தபோது படுக்கையே கொடுக்கவில்லை. "மூலம் குணமாகிட்டுது எண்டு எழுதிக் கிடக்கு. இனி என்ன?" என்றார் டொக்டர். கங்காணி தலையாட்டினார். முத்துக்கருப்பன் வந்த வழியே நடந்து போனார். வண்டியில் உட்கார முடியாதென்று நடந்துதான் போனார்.

அதன்பின் அவர் பெரட்டுக்கு, அதாவது விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போகவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறார். அந்தக் காலத்தில், தக்க காரணமில்லாமல் வேலைக்கு வராத தோட்டத்து ஆளைக் கோர்ட்டில் நிறுத்தி மறியல் என்னும் சிறைக்கு அனுப்பலாம். அந்தச் சட்டம் அண்மையில்தான் ஒழிந்தது. தோட்டத்திலிருந்து வழக்கு வைத்தார்கள். கோர்ட்டிலிருந்து எங்களிடம் ஒரு கேள்வி வந்தது: இந்த ஆளுக்கு நோய் உண்டா? ஏட்டைப் பார்த்து டொக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூலம், சிகிச்சை பெற்றார், குணமானார், வேலைக்குத் தகுதி.

கையெழுத்துக்கு நீட்டும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, அது மூலம் இல்ல. துணிய நீங்களும் பாத்தீங்க."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் நின்றேன்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"ரெண்டாந்தரம் வரேக்கையே தெரியும் காணும். தெரிஞ்சது வேற, எழுதினது வேற. கோர்ட் கேக்கிறது எழுதினதை. இப்ப மாத்தினால், ரெண்டு தரம் குணம் எண்டு ஏன் எழுதினீர் எண்டு கேப்பான். உமக்கேன் இந்தச் சோலி?"

அந்தத் 'தெரியும்' என்ற சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்திருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். ஒரு மனிதன் உட்கார முடியாமல் மலையேறிப் போனதை இவர் தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு மையொற்றுக் காகிதத்தை மெதுவாக அழுத்தினார். எழுத்து கலையாதபடி அவ்வளவு கவனம்.

ஏட்டைக் காட்டுவதற்கு என்னையே கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டம் நிறைய இருந்தது. கங்காணி சாட்சி சொன்னார்: ஆள் நல்ல ஆள்தான், கொஞ்சம் சோம்பேறி, நோய் குணமாகிவிட்டது. எங்கள் தாளைப் படித்தார்கள். நீதவான் மொழிபெயர்ப்பாளர் மூலமாக முத்துக்கருப்பனிடம் கேட்டார்.

"உனக்கு நோய் எங்கே இருக்கிறது?"

முத்துக்கருப்பன் தலை குனிந்து நின்றார். பின்னால் அவருடைய மனைவி அங்கம்மா நின்றாள். பக்கத்தில் அதே லயத்துப் பெண்கள், சொந்தக்காரர்கள், மச்சான் முறையானவர்கள் நின்றார்கள். அத்தனை பேர் முன்னிலையில் அந்த இடத்தின் பெயரை எப்படிச் சொல்வார்?

"கேக்கிறது வெளங்குதா? நோவு எங்க?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"இருக்குங்க" என்றார்.

"எங்கே?"

பேசவில்லை. நீதவான் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு எழுதத் தொடங்கினார். அந்த மௌனத்தைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் எழுந்து சொல்லியிருப்பேன். ஆனால் என்னை ஏட்டைக் காட்ட மட்டுமே அழைத்திருந்தார்கள், ஏட்டிலோ மூலம், குணம் என்றுதான் இருந்தது. மறியல் விதித்தார்கள். அங்கம்மா சத்தம் போட்டு அழவில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு நின்றாள்.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, உடம்பும் எரிகிறது.

மறியற்சாலைக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிற கைதி யாராக இருந்தாலும் முதலில் எல்லாத் துணியையும் களைய வேண்டும். மறியல் வைத்தியர் தலையிலிருந்து கால்வரை, முன்னும் பின்னும் பார்ப்பார். அங்கே கங்காணி கிடையாது. துண்டும் கிடையாது. கல் உடைக்கிற வேலைக்கு உடம்பு தாங்குமா என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும், அதற்காகப் பார்ப்பார்கள், அன்பினால் அல்ல. முத்துக்கருப்பனைத் திரும்பி நிற்கச் சொன்ன அந்த வைத்தியருக்கு ஒரு பார்வையே போதுமாயிருந்தது. அதே வாரத்தில் கையில் விலங்கோடும் காவலரோடும் முத்துக்கருப்பன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். மறியலிலிருந்து வந்த தாளில் தெளிவாக எழுதியிருந்தது: பௌத்திரம், சத்திர சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்.

டொக்டர் வாசித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. "தாளில இருக்கிறதை எழுதும்" என்றார். சட்டம் சட்டம்தான். பௌத்திரம் என்று எழுதி இலக்கத்தைப் போட்டேன். தோட்டத்து ஆள் ஒருவருக்கு நேரே அந்த இலக்கத்தை நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

வெட்டியதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவ்வளவு நேர்த்தி. குளோரோபோம் கொடுத்துக் கால்களைத் தூக்கிக் கட்டினார்கள். டொக்டர் வெள்ளிச் சலாகையை வெளிவாயில் வைத்து, தள்ளாமல், அது தானாக வழி கண்டு போவதுபோல் விட்டார். இடது கைச் சுட்டுவிரலை உள்ளே வைத்துச் சலாகையின் நுனியைத் தேடினார். நுனி விரலில் பட்டதும், "கிடைச்சிட்டுது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். நடுவில் பள்ளமுள்ள இன்னொரு சலாகையை அதே வழியில் விட்டு, அந்தப் பள்ளத்தின்மேல் கத்தியை ஓட்டிச் சுரங்கத்தை முழுவதும் திறந்தார். கிளைவழி ஏதாவது உண்டா என்று தேடினார், ஒன்று இருந்தது, அதையும் திறந்தார். கதவோரம் நின்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு தினமும் தாமே வந்து, பழைய துணியை நனைத்து எடுத்து, கார்பாலிக் நீரால் கழுவி, புதுத் துணியை அடிவரை திணித்தார். மேலே முந்திக்கொண்டு மூடிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. சின்னத்துரைக்குச் செய்ததில் ஒரு நூல்கூடக் குறைக்கவில்லை. இத்தனை கைத்திறனையும் பையில் போட்டுக்கொண்டுதானே அந்த ஆளை இரண்டு தரம் களிம்போடு அனுப்பினார்?

புண் அடியிலிருந்து சிவப்பாக வளரத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கம்மா பார்க்க வந்தாள். காவலர் இரக்கப்பட்டுக் கட்டிலருகே விட்டார். நான் முக்காலியை நகர்த்திப் போட்டேன். அவள் உட்காரவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அவள் போன பிறகு முத்துக்கருப்பன் என்னைக் கூப்பிட்டார்.

"கிளாக்கர் ஐயா, ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"இவளுக்கும் இதே நோவுதாங்க. போன புள்ளப் பேறுக்குப் பொறகு வந்துச்சு. ராவும் பகலும் சீழு. கங்காணிகிட்டச் சொல்ல வெக்கப்படுறா." கொஞ்சம் நிறுத்தினார். "பொம்பளைங்கள மறியல்ல வெப்பாங்களாங்க? என்ன செஞ்சா புடிச்சிக்கிட்டுப் போவாங்க?"

கேலி இல்லை. குத்தல் இல்லை. வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார். அவர் கண்ட உலகத்தில் அதுதான் வழி. மூன்று தரம் நோயாளியாக வந்தார், ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு தரம் கைதியாக வந்தார், பார்த்துவிட்டார்கள். அப்படியிருக்க, மனைவியைக் குணமாக்க நினைக்கிற ஒரு புருஷன் வேறு என்ன கேட்பான்?

அவருடைய தண்டனைக் காலம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே முடிந்தது. ஒரு காலை காவலர் விலங்கை எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் முத்துக்கருப்பன் இப்போது மறியல் ஆள் அல்ல, தோட்டத்து ஆள். படுக்கையில் தொடர்ந்து இருக்கத் தோட்டத்துத் துண்டு வேண்டும். ஆள் அனுப்பினோம். கங்காணி வந்தார். கையில் இரண்டு துண்டு, பின்னால் அங்கம்மா. புருஷன் வற்புறுத்தி, கடைசியில் அவளும் வாய் திறந்திருக்கிறாள்.

இரண்டு துண்டிலும் மூலம்.

எழுதாமல் இரண்டையும் எடுத்துக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போனேன். முத்துக்கருப்பனுடைய துண்டை மேசையில் வைத்தேன்.

"என்ன பகிடி இது?" என்றார். "நான் வெட்டின காயம். மூலமாம்."

"துண்டுல இருக்கிறத எழுதச் சொல்லியிருக்கீங்க, ஐயா. எழுதவா?"

பேனாவை எடுத்து, மூலம் என்ற சொல்லைத் தம் கையாலேயே அடித்துப் பௌத்திரம் என்று எழுதினார். தாம் போட்ட சட்டத்தைத் தாமே வெட்டினார். தம்முடைய வேலைக்கு வேறு பெயர் வைத்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. அடுத்து நான் வைத்த அங்கம்மாவின் துண்டைப் பார்த்ததும் கை மறுபடி பழைய கையாகிவிட்டது. "இது யாரோ பொம்பிளை. இதை அப்பிடியே எழுதும்" என்று என் பக்கம் தள்ளினார்.

"அவ முத்துக்கருப்பனோட சம்சாரம், ஐயா. வெளியில தூணப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. அவளையும் ஒரு கைதின்னு நெனச்சு ஒருக்காப் பாத்திருங்க."

இதைச் சொன்னபோது எனக்கு வேலை போய்விடும் என்றே நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் இருந்தது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். ஆனால் துடைக்கவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார். பெண்கள் பிரிவுத் தாதியைக் கூப்பிட்டுத் திரை போடச் சொன்னார். கங்காணி பின்னால் வந்தபோது, "நீ இங்க நில்" என்றார். கங்காணியை அவர் வெளியே நிறுத்தியதை அன்றுதான் கண்டேன். பிறகு குழாயைத் திறந்து கை கழுவும் சத்தம் கேட்டது.

பௌத்திரம், வெளிவாய் மட்டும் உடையது. இலக்கம் போட்டேன். அவளையும் வெட்டி ஆற்றினார்.

இதற்காக அவரை நான் புகழ மாட்டேன். ஒரு நோயாளியைப் பார்ப்பதற்கு ஒரு டொக்டருக்கு இத்தனை தூண்டுதல் தேவைப்பட்டால் அதில் புகழ என்ன இருக்கிறது? அந்த இருவருக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் மூலம் என்ற பெயரோடு நின்றபடியே மலைக்குத் திரும்பினார்களோ தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஏட்டில் அவர்கள் எல்லாருமே குணமானவர்கள்.

பதிவாளர் தம்பிக்கு இதைத்தான் சொல்கிறேன். இரண்டு நோய்க்கும் இரண்டு இலக்கம் இருந்ததால்தான் அந்தத் துண்டு பொய்யாயிற்று. பொய்யானதால்தான் அதை எடுத்துக்கொண்டு நான் அந்த அறைக்குப் போக முடிந்தது. ஒரே இலக்கமாக இருந்திருந்தால் கங்காணி சொன்னதும் சரி, கணக்கப்பிள்ளை எழுதியதும் சரி, நான் போட்டதும் சரி. டொக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஒரு காரணமும் இருந்திருக்காது. வேலை குறையும் என்று சொன்னீர்களே, யாருடைய வேலை? துண்டுகள் இன்னும் தோட்டத்திலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. மேலிடத்துக்குக் கூடாது என்று எழுதுங்கள். எழுத உங்களுக்குப் பயமாக இருந்தால் இந்தத் தாளை என் பெயரோடு அப்படியே அனுப்பிவிடுங்கள்.

அங்கம்மா விடுபட்டுப் போன அன்று பசறை வண்டி வரத் தாமதமானது. முத்துக்கருப்பன் மூட்டையோடு வராந்தாவில் நின்றார். நான் மேசையிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தேன். அவள் தூண் பக்கம் போனாள், கை வைத்தாள், பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு வெறுந்தரையில் மெல்ல உட்கார்ந்தாள். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். வண்டி வரும்வரை இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.